எர்த்துக்கு இரண்டு குடம் தண்ணீர்

அப்பாவுக்குப் பத்து வயதில் ஊர் கொடுத்த வேலை, ரேடியோவுக்குத் தண்ணீர் ஊற்றுவது.

திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். 1966 வாக்கில் ஊருக்கே ஒரே ரேடியோ, பஞ்சாயத்து ஆபீசில். வால்வு செட். மரப்பெட்டியின் பின்பக்கம் இரண்டு திருகு இருக்கும். ஒன்றிலிருந்து ஏரியல் கம்பி தென்னை மரத்துக்கு ஏறும். இன்னொன்றிலிருந்து செப்புக் கம்பி சன்னல் வழியாக இறங்கி, கிணற்றடியில் புதைத்த இரும்புக் குழாயில் முடியும். அதுதான் எர்த். கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழாயைச் சுற்றி மண் விலகிவிடும். வாசலில் கட்டிய கூம்பில் திருச்சி நிலையத்தின் குரலை அமுக்கிக்கொண்டு கரகரப்பு எழும். "டேய், எர்த்துக்கு ஊத்துடா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அப்பா ஒரு குடம் இறைத்து ஊற்றுவார். வறண்ட மண் சளசளவென்று உறிஞ்சும். கொஞ்ச நேரத்தில் குரல் தெளியும்.

அந்தத் தெளிவு ஊருக்குச் சோறு. திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற புதிய குறுவை ரகத்தை விவசாய ஒலிபரப்பில் எடுத்துச் சொன்ன வருஷங்கள் அவை. எப்போது நாற்று விடுவது, எப்போது உரம் வைப்பது என்பதெல்லாம் அந்தக் கூம்பு வழியாகத்தான் வந்தது. ஒரு எண்ணைத் தப்பாகக் காதில் வாங்கினால் ஒரு போகமே போய்விடும். அந்த ரகத்துக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் நின்றுவிட்டது. தாத்தாவும் அந்தக் கூம்புக்குக் கீழே நின்று கேட்டுத்தான் முதல் ஒரு மாவில் அதைப் போட்டுப் பார்த்தார்.

ஐம்பது வருஷம் கழிந்தது. 2016-இல் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கினேன். அப்பாவுக்காகத்தான். திருவையாற்று ஆராதனையில் வித்வான்கள் இரு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடும்போது, நடுவில் இருப்பவனுக்கு இரண்டு காதிலும் பாட்டு வந்து விழும். சின்ன வயதில் அந்த மணலில் உட்கார்ந்தவர் அவர். அந்தச் சுகத்தை வீட்டிலேயே தரவேண்டும் என்று எனக்கு ஆசை.

இணைப்பது பெரிய காரியமில்லை. கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை முன் பாக்ஸ் இரண்டுக்கு, கறுப்பு பின் பாக்ஸ் இரண்டுக்கு, ஆரஞ்சு நடு பாக்ஸுக்கும் ஊஃபருக்கும். மூன்று ஒயர்; நிறம் பார்த்துச் செருகினால் போதும். கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங்கில் ஸ்டீரியோவை 5.1 என்று மாற்றவேண்டும். எல்லாம் செய்தேன். முதல் மாதம் நன்றாகவே பாடியது. பங்குனிக் கடைசியில் ஊஃபரிலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் தொடங்கியது. சித்திரையில் அது பாட்டையே மூடியது. வெறுங்காலோடு கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்று இழுத்தது.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். சவுண்ட் கார்டு மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். தடிமன் ஒயர் போடச் சொன்னார்கள், போட்டேன். இரைச்சல் அப்படியே இருந்தது. கடைசியாக ஒருவர், "பிளக்கில் மூணாவது பின்னை ஒடிச்சுடுங்க சார், ஹம் நின்னுடும்" என்றார். பிளக்கையும் கட்டிங் பிளேயரையும் கையில் எடுத்துவிட்டேன்.

"தம்பி, எர்த்துக்குத் தண்ணி ஊத்துனியா?"

திண்ணையிலிருந்து அப்பா கேட்டார். சவுண்ட் கார்டு, 5.1 எதுவும் தெரியாதவர். இரைச்சலை மட்டும் கேட்டுச் சொன்னார்.

கொல்லைப்புறம் போனோம். எர்த் குழியின் மேல்பலகையைப் புரட்டினால், உள்ளே போட்ட கரியும் உப்பும் காய்ந்து கட்டியாகிக் கிடந்தன. குழாயைச் சுற்றி ஒரு விரல் போகும் அளவுக்கு மண் வெடித்திருந்தது. உப்பு அரித்த போல்ட்டில் கம்பி பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் பிடித்தார். பல்புக் கம்பி சிவந்ததோடு சரி. மெயினை நிறுத்தி, போல்ட்டைச் சுரண்டிப் புதுசு போட்டு முறுக்கினார். அப்பா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். மறுபடி பிடித்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. கூடத்துக்கு வந்தால் ஊஃபர் அடங்கியிருந்தது.

காரணத்தை அண்ணன் விளக்கினார். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் கரண்ட் எப்போதும் கேபினட்டுக்குக் கசியும். எர்த் சரியாக இருந்தால் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினட்டில் கிட்டத்தட்ட 115 வோல்ட் நிற்கும். அது ஆடியோ ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குள் நுழைந்து, அங்கே செருகிய டிவி கேபிள் வழியாக வெளியே ஓடப் பார்க்கும். அந்த 50 ஹெர்ட்ஸ்தான் இரைச்சல். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பாடவே ஊஃபர் இருக்கிறது. அதனால் அதில்தான் பலமாகக் கேட்கும். ஆப்டிக்கல் கேபிளில் ஒளிதான் போகும் என்பதால் அதைப் போட்டாலும் ஹம் நிற்கும். ஆனால் ஷாக் நிற்காது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் பஞ்சரத்னம் போட்டேன். பதிவு இரண்டு சானல்தான். பின் பாக்ஸ்கள் பேசவில்லை. "பின்னால இருக்குறதுக்கும் பாட்டைக் குடுடா" என்றார். முன் சானலையே பின்னாலும் பாடும்படி செட்டிங்கில் மாற்றினேன். நாட்டை தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீராகம் முடியும்வரை திறக்கவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணக்குப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் மூடினால் ஜூன் 12 வரை வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வயல் வெடிக்கும்போது உங்கள் எர்த் குழியும் வெடிக்கிறது. ஆம்ப்ளிஃபையரோ கம்ப்யூட்டரோ இரைந்தால் மூன்றாவது பின்னை ஒடிக்காதீர்கள். நாளைக்கு அந்தக் கேபினட்டில் கை வைப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். விவரம் தெரிந்தவரை வைத்துக் கம்பியைப் பாருங்கள். சித்திரை பிறந்ததும் குழிக்கு இரண்டு குடம் ஊற்றுங்கள்.