சீசன் ரிக்கற்றும் சில்லறைச் செலவுகளும்

மதிலில் ஒரு துவாரம். துவாரத்துக்குப் பின்னால் தட்டைத் தொப்பி போட்ட ஒரு கிழவர். எண்பதுகளின் நடுப்பகுதியில், நான் லண்டனுக்கு வந்த புதிதில், உதைபந்தாட்டம் பார்க்கப் போவதற்கு இருந்த நடைமுறை முழுவதும் இதுதான். சில்லறையை எண்ணி அவர் முன்னால் வைக்க வேண்டும். காலடியில் உள்ள மிதியை அவர் ஒருதரம் அமுக்குவார். 'கிளிக்' என்று சத்தம் வரும். இரும்புச் சுழல்கதவு சரியாக ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சுற்றும். பெயர் கேட்கமாட்டார், பிறந்த திகதி கேட்கமாட்டார், விலாசம் கேட்கமாட்டார். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஹோம் ஒபீஸ் கடிதத்துக்குக் காத்திருந்த எனக்கு, ஒரு பத்திரமும் காட்டாமல் இந்த நாட்டில் நுழைய முடிந்த ஒரே கதவு அதுதான்.

கூட்டிக்கொண்டு போனவர் என்னோடு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்த ஓர் அண்ணை. இளவாலைக்காரர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பந்தடி என்றால் விசர் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று காசில்லாமல் பார்த்துப் பழகியவர். இங்கே கொங்கிறீட் படிக்கட்டில், முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி அவர் சொன்னார்: "இஞ்சை காசு குடுத்தும் நிண்டுகொண்டுதான் பாக்கோணும், தம்பி."

எந்தக் கிளப் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பெயரைப் பாவித்ததற்கு ஒரு கட்டணம் வந்தாலும் வரும். லண்டன் கிளப், கோப்பைகள் குறைவு, நம்பிக்கை அதிகம் என்ற மட்டோடு விடுவோம்.

கையில் நிரந்தரச் சம்பளம் வந்த பிறகு முதல் சீசன் ரிக்கற் வாங்கினேன். மைதானத்தின் பக்கவாட்டில் இருந்த அலுவலகத்துக்குப் போய், மர மேசைக்கு அப்பால் இருந்த பெண்ணிடம் காசோலையைக் கொடுத்தேன். அவர் என்னை "லவ்" என்று கூப்பிட்டு ஒரு சிறிய புத்தகத்தைத் தந்தார். ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஒற்றை. வாசல்காரர் கிழித்து எடுப்பார். அவ்வளவுதான், வருடம் முழுக்க. கோப்பைப் போட்டியின் பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் ஒரு வில்லங்கம் இருந்தது: ஆட்டத்துக்கு ஆட்டம் விற்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஓர் இலக்கமிட்ட ரோக்கன் இருக்கும். அவற்றை வெட்டி ஒரு தாளில் ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டினால் வரிசையில் முன்னிடம். விசுவாசத்துக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் பசையும்.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மலசலகூடத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. சில மைதான வாசல்களில் நாஷனல் ஃப்ரொன்ட் என்ற இனவாதக் கட்சியின் பத்திரிகையைக் கூவி விற்றார்கள். கறுப்பு ஆட்டக்காரர் பந்தைத் தொட்டால் குரங்குச் சத்தம் எழும். 1988இல் லிவர்பூலின் ஜோன் பார்ன்ஸ், தன்னை நோக்கி வீசப்பட்ட வாழைப்பழத்தைக் குதிக்காலால் தட்டிவிட்ட படம் இன்றைக்கும் அடிக்கடி கண்ணில் படுகிறது. எங்களைப் போன்றவர்களிடம் மேலதிகக் கட்டணம் அப்போதும் அறவிடப்பட்டது. அதற்குப் பற்றுச்சீட்டுத்தான் தருவதில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே இருவரும் மெல்ல வெளிக்கிடுவோம். சனம் தெருவுக்கு வரமுதல், தோற்ற கோபத்திலோ வென்ற வெறியிலோ யாரும் எங்களைக் காணமுதல், பஸ் ஏறிவிட வேண்டும். கடைசி நிமிடக் கோல்கள் பலவற்றை அண்ணை அடுத்த நாள் பேப்பரில்தான் பார்த்தார். பஸ் தரிப்பில் நிற்கும்போது பின்னாலிருந்து ஆரவாரம் கேட்டால், யார் அடித்தது என்று ஊகிப்பதில் அவர் நிபுணராகியிருந்தார்.

பிறகு 1989 ஏப்ரல் 15 வந்தது. ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ மைதானத்தில், வேலியோடு நெரிபட்டு இறந்தவர்களின் எண்ணிக்கை கடைசியில் 97 ஆனது. அதை விசாரித்த நீதியரசர் டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்தது. நிற்கும் படிக்கட்டுகள் போக வேண்டும், எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. 1994 அளவில் மேல்மட்ட மைதானங்கள் பெரும்பாலும் இருக்கைகளாக மாறின. அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இருக்கை போட்டால் விலை ஏறுமே என்ற கேள்வியை டெய்லரும் யோசித்திருந்தார். கிளாஸ்கோவின் ஐபுரொக்ஸ் மைதானத்தில் இருக்கை ஆறு பவுண், நிற்பதற்கு நாலு பவுண் என்று உதாரணம் காட்டி, நின்று பார்ப்பவர்களின் சட்டைப் பைக்கு ஏற்ற விலை வைக்கலாம் என்று நம்பினார். அந்த ஆறு பவுணைப் பணவீக்கத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இன்றைக்கு இருபது பவுணைத் தாண்டாது. கிளப்புகள் இருக்கை பற்றிய பக்கங்களைக் கவனமாகப் படித்தன. விலை பற்றிய பக்கம் வரும்போது 1992 ஆகிவிட்டது. பிரீமியர் லீக் தொடங்கி, தொலைக்காட்சி ஒப்பந்தம் 304 மில்லியன் பவுண் என்று செய்தி வந்துகொண்டிருந்தது.

எனக்கும் வேறு செலவுகள் வந்தன. வீட்டுக் கடன் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது. சீசன் ரிக்கற்றைக் கைவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் மறுபடி ஆசை தலைதூக்கியது. மகள் மடிக்கணினியைத் திறந்து தந்து, "ஒன்லைனிலை பத்து நிமிச வேலை, அப்பா" என்றாள்.

முதலில் தெரிந்துகொண்டது, சீசன் ரிக்கற் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியவை சில உண்டு என்பது. காத்திருப்போர் பட்டியலில் சேர வேண்டும். பட்டியலில் சேர அங்கத்தவராக வேண்டும். அங்கத்தவராக வருடாந்தச் சந்தா. அதற்குப் பதிலாக ஒரு பின்னும், கழுத்தில் மாட்டும் நாடாவும், தலைமைப் பயிற்சியாளரின் அச்சடித்த கையெழுத்துப் போட்ட ஒரு நன்றிக் கடிதமும் தபாலில் வந்தன. காத்திருப்பதற்குக் காசு கட்டிய அனுபவம் எனக்கு அதுதான் முதல். ஹோம் ஒபீஸ்கூட அன்றைக்கு என்னைச் சும்மாதான் காக்கவைத்தது.

என் முறை வந்த வருடம், விற்பனை தொடங்கும் காலையில் இணையத்தில் வரிசை. முன்பு வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகாவது தெரியும். மழை பெய்தால் குடைக்குள் கூப்பிடுவார். இப்போது தெரிந்தது ஓர் எண் மட்டும். உங்களுக்கு முன்னால் பதினோராயிரத்துச் சொச்சம் பேர், பக்கத்தைப் புதுப்பித்தால் இடம் பறிபோகும். தேத்தண்ணி ஆறியது. என் முறை வந்ததும் மைதானத்தின் படம் விரிந்து, மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அது முடிவதற்குள் இருக்கையைத் தெரிவுசெய்து, பெயர், பிறந்த திகதி, விலாசம், கைத்தொலைபேசி எண், பாஸ்வேர்ட், பாஸ்வேர்ட்டை மறந்தால் கேட்க ஓர் இரகசியக் கேள்வி எல்லாம் நிரப்ப வேண்டும். தொப்பிக் கிழவர் கேட்காத கேள்விகள் அத்தனையும் வட்டியோடு வந்து நின்றன.

எங்கள் ஊர்ச் சீதனப் பேச்சு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை பகுதி "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பொம்பிளையை மட்டும் தாங்கோ" என்று தொடங்கும். எழும்பும்போது வீடு, காணி, நகை, ரொக்கம், மாப்பிள்ளையின் தங்கச்சிக்கு ஏதோ ஒன்று என்று எல்லாம் பேசி முடிந்திருக்கும். ரிக்கற் பக்கமும் அதே பண்போடுதான் நடந்துகொண்டது. முதல் திரையில் ஒரு விலை, வட்டமான அழகிய எண். அடுத்த திரையில் புக்கிங் ஃபீ. அதற்கடுத்ததில், கைத்தொலைபேசியில் வேண்டாம், பிளாஸ்ரிக் அட்டையாக வேண்டும் என்றால் அதற்கு ஒன்று. தபாலுக்கு ஒன்று. முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்ட முடியாதா, தவணைக்கு விடுவார்கள். ஆனால் தவணை கிளப்புக்கு அல்ல, ஒரு நிதி நிறுவனத்துக்கு. பந்தடி பார்க்க வந்தவனின் கடன் வரலாற்றை விசாரித்து, வட்டி வீதத்தைச் சிறிய எழுத்தில் போட்டு, ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள்.

எனக்கு எரிச்சல் தந்தது தொகை அல்ல. தொகை பெரும்பாலும் ஒரு கோப்பிக் காசு, இரண்டு கோப்பிக் காசுதான். யோசித்துப் பார்த்தால், முன்பு மர மேசைப் பெண் செய்த வேலையை இப்போது நான் செய்கிறேன். விண்ணப்பம் நிரப்புபவன் நான், பிழை திருத்துபவன் நான். அச்சடிப்பதானால் தாளும் மையும் என்னுடையவை. வாசலில் ரிக்கற்றைக் காட்டும் கருவியும் என்னுடையது, அதன் பற்றரிக்கும் நானே பொறுப்பு. கிளப்பில் வேலைக்குச் சேர்ந்து, அந்த வேலைக்கான சம்பளத்தைக் கிளப்புக்கு நானே கட்டுகிற ஏற்பாடு இது. பெற்றோல் ஷெட் முதலாளிகூட இந்த யோசனைக்குப் போகவில்லை.

ஓர் ஆட்டத்துக்குப் போக முடியாவிட்டால்? முன்பு புத்தகத்தை மருமகனிடம் கொடுத்தால் போதும். இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உதைபந்தாட்ட ரிக்கற்றை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வதைக் குற்றமாக்கியது. கறுப்புச் சந்தைக்காரரையும் கலவரக்காரரையும் மனதில் வைத்து எழுதிய சட்டம், நியாயமானது. ஆகவே கிளப்பே ஒரு பரிமாற்றச் சந்தை வைத்திருக்கிறது. என் இருக்கை அங்கே விற்றால் எனக்கு ஒரு பங்கு வரும், கிளப்புக்கும் ஒரு பங்கு, வாங்குபவர் தன் பங்குக்கு ஒரு புக்கிங் ஃபீ. ஒரே நாற்காலி, ஒரே ஆட்டம், இரண்டு தரம் வருமானம். சரி, விற்காமல் வெறுமையாக விட்டால்? இத்தனை ஆட்டத்துக்கு வராவிட்டால் அடுத்த வருடம் புதுப்பிக்க முடியாது என்ற எச்சரிக்கை வரும். காசு கட்டிய பிறகு வரவு வைக்காவிட்டால் பெயர் வெட்டுகிற இடம் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இதுதான்.

எல்லோரும் என்னைப்போலக் கணக்குப் பார்த்துவிட்டுக் கட்டுவதில்லை. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண் ரிக்கற்றை அறிவித்தபோது, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சரியாக 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழும்பி வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது, முடிவு 2-2. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே ஆண்டில் வெளியூர் ரசிகருக்கான ரிக்கற் முப்பது பவுணைத் தாண்டக் கூடாது என்று பிரீமியர் லீக் முடிவெடுத்தது. அந்த வெளிநடப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மெல்லிய பொறாமை. ஆட்டம் முடியுமுன் எழும்பிப் போவதில் எங்களுக்கு இருந்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. அதைப் போராட்டமாகவும் நடத்தலாம் என்பது மட்டும் எங்களுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ஜேர்மனியில் இருக்கும் மைத்துனன் இந்தக் கதையெல்லாம் கேட்டுச் சிரிப்பான். அங்கே பெரும்பாலான கிளப்புகளில் வாக்குப் பெரும்பான்மை அங்கத்தவர்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பல கிளப்புகளின் ரிக்கற்றைக் காட்டினால் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் காசில்லை. டோர்ட்மூண்டின் தெற்குப் பக்கத்தில் ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேர் நின்றே பார்க்கிறார்கள். இங்கேயும் 2022இலிருந்து அனுமதி பெற்ற மைதானங்களில் கம்பி பொருத்திய இருக்கை வரிசைகளில் நின்று பார்க்கலாம். நிற்கிற உரிமை திரும்பி வந்தது. நிற்கிற விலை அதோடு திரும்பி வரவில்லை. 2024-25 பருவத்தில் இருபது பிரீமியர் லீக் கிளப்புகளில் பத்தொன்பது விலையை ஏற்றின. மன்செஸ்டர் யுனைட்டட் பருவத்தின் நடுவிலேயே மீதி ரிக்கற்றுகளை 66 பவுண் ஆக்கியது, பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லாமல்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. வங்கி அட்டையில் கட்டினால் மேலதிகமாக அறவிடுவதை 2018 ஜனவரியில் தடைசெய்தது. அதற்குப் பிறகும் புக்கிங் ஃபீ நலமாகவே இருந்தது. அது அட்டைக்கான காசு அல்ல, சேவைக்கான காசு என்றார்கள். 2025 ஏப்ரல் 6இலிருந்து இன்னொரு சட்டம்: வாங்குபவர் தவிர்க்க முடியாத எந்தக் கட்டணத்தையும் முதலில் காட்டும் விலைக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும், திரை திரையாகச் சொட்டவிடக் கூடாது. நல்ல சட்டம். எங்கள் கிளப்பும் தலைவணங்கியது. இந்த முறை புதுப்பிக்க இருந்தபோது மகள் திரையைக் காட்டி, "சந்தோசப்படுங்கோ அப்பா, புக்கிங் ஃபீயை எடுத்துப்போட்டாங்கள்" என்றாள். உண்மைதான், அந்த வரி இல்லை. வட்டமான அழகிய எண்ணும் இல்லை. போன வருடத்து விலை, போன வருடத்து ஃபீ, அதற்கு மேல் இந்த வருடத்து உயர்வு, எல்லாம் ஒரே தொகையாக, ஒளிவு மறைவில்லாமல், சட்டப்படி நின்றது.

இளவாலை அண்ணைக்கும் சேர்த்து எடுப்பதாக ஏற்பாடு. அவருக்கு எண்பது நெருங்குகிறது. வங்கி அட்டையும் பாஸ்வேர்ட்டும் என்னுடையவை, காசு மட்டும் அவருடையது. போனில் மொத்தத் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. முதியவர்களுக்கான கழிவு எவ்வளவு என்று கேட்டார். நாங்கள் தெரிவுசெய்த பகுதியில் அது கிடையாது என்றேன். கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஒண்டு கேட்டுப் பார், தம்பி" என்றார். "ஐஞ்சு நிமிசம் முந்தி எழும்பிப் போறவைக்குக் கழிவு ஏதும் இருக்கோ எண்டு."