தீப்பெட்டிப் படங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பாசமுத்திரத்துப் பையன்கள் கோலிக்குண்டும் பம்பரமும் சேர்த்தார்கள். நான் தீப்பெட்டிப் படம் சேர்த்தேன். டீக்கடை, பீடிக்கடை, ஆற்றுப் படித்துறை, ரயிலடி என்று காலிப் பெட்டி விழும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. டீக்கடை அண்ணாச்சியிடம் போய் நின்றால், "இன்னும் நாலு குச்சி கெடக்குலே, சாயந்தரம் வா" என்பார். அந்த நாலு குச்சியும் தீரும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

அன்றைய பெட்டி மெல்லிய மரச் சில்லில் செய்தது. சுற்றிலும் நீலத் தாள், அதன்மேல் பசை தடவி ஒட்டிய படம். கிண்ணத்துத் தண்ணீரில் பெட்டியை மிதக்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் படம் நழுவும். நகம் பட்டால் கிழிந்துவிடும். உள்ளங்கையில் ஏந்திக் கண்ணாடியில் அப்பிக் காயவைக்க வேண்டும். கப்பல், மயில், சாவி, சிறுத்தையோடு மல்லுக்கட்டும் மனிதன். அடியில் பொடி எழுத்தில் ஊர்ப்பெயர்: சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, குடியாத்தம். வரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே இந்த ஊர்களை அறிந்துவைத்திருந்தேன்.

கோவில்பட்டி அப்போது எங்கள் திருநெல்வேலி மாவட்டம்தான், 1986இல்தான் பிரிந்தது. ஆனால் தாமிரபரணி பாயும் எங்கள் வயல்களில் காரும் பிசானமுமாக இரண்டு போகம். அந்தக் கரிசலிலோ மழை பொய்த்தால் ஒன்றுமில்லை. காய்கிற வெயிலும் வறண்ட காற்றும்தான் தீப்பெட்டித் தொழிலுக்கு வாகாக அமைந்தன. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு, வானம் பார்த்த வீடுகளுக்குக் கூலி வர வழி பிறந்தது.

அந்தக் கூலிக்குப் போன கைகளில் பிள்ளைக் கைகள் ஏராளம். கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் விடியுமுன்பே பஸ்ஸில் ஏற்றிப் போவார்கள். என் வயதுதான் அவர்களுக்கும். நான் கண்ணாடியில் காயவைத்த படத்தை ஒட்டியது அவர்களில் ஒரு பிள்ளையாக இருந்திருக்கலாம். எங்கள் பள்ளத்தாக்கும் இதற்கு விலக்கல்ல. முக்கூடல் பக்கம் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிய பெண்களுக்கும் படிப்பு பாதியில் நின்றதுதான். 1982இல் சத்துணவு விரிவாகி வந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றில் இதைவிட முக்கியமான தேதி எனக்குத் தெரியாது.

இன்றைய பெட்டி அட்டை. படம் அதிலேயே அச்சாகிவிடுவதால் உரிக்க ஒன்றுமில்லை. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த விலை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. மலிவு லைட்டர்கள் தொழிலையே விழுங்கப் பார்த்தன. 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதியை 2023 ஜூனில் அரசு தடைசெய்த பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. பெண்களின் உழைப்பில் நிற்கும் தொழில் இது, நிலைக்கத்தான் வேண்டும்.

என் படங்களை விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்க மனமில்லை. கோவில்பட்டியில் ஒருநாள் அவற்றைப் பார்வைக்கு வைக்க ஆசை. அவற்றை ஒட்டிய பிள்ளைகள் இன்று ஐம்பது தாண்டிய பெண்கள். எந்தப் படம் எந்தக் கம்பெனியில், ஒரு கட்டு ஒட்ட என்ன கூலி என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும்.