மலைக்கா போற மக்கா?

என்ன மக்கா, முதுகுல மூட்டை, காலுல புதுப் பூட்ஸு! எங்கயாக்கும்? அகஸ்தியர்கூடமா? நல்லா போ. 1868 மீட்டரு. தை மாசத்த ஒட்டி வனத்துறை வழி தொறக்கும். போணக்காட்டுல சீட்டக் காட்டணும், அதிருமலையில ராத்திரி தங்கணும், மலைவாசி காணிக்காரரு கூட்டிட்டுப் போவாரு. ஆனா ஒனக்கு அது கொறச்சலாச்சே. யாருமே போகாத எடம்தான் வேணும். ஏன்லே யாரும் போகல்ல? ரோசிச்சியா?

போனுல மேப்பு இருக்குன்னு சொல்லுவ. செரி. ஆனைக்கு மேப்பு தெரியுமா?

1987ல விஞ்ஞானிமாரு கொஞ்ச பேரு இதே அகஸ்தியர் மலையில ஏறினாவ. பெரிய படிப்பு. பாதி வழியிலயே எளைப்பு வாங்கிச்சு. கூடப் போன காணிக்காரங்க மட்டும் ஏதோ காயை மென்னுக்கிட்டே நடக்காவ, களைப்பே இல்ல. "அது என்னவே?"ன்னு கேட்டா சொல்ல மனசில்ல. கெஞ்சின பொறவுதான் ஆரோக்கியப்பச்சைங்குற செடியக் காட்டிக் குடுத்தாவ. அதுலயிருந்துதான் 'ஜீவனி'ன்னு மருந்து வந்துச்சு. விஞ்ஞானிக்கே கைகாட்ட ஆளு வேணும். ஒனக்கு வேண்டாம், என்ன?

மலம்புழை சங்கதி கேட்டிருப்ப. 2022 பிப்ரவரி. ஒரு பையன் செறாடு மலையில வழுக்கி, பாறை இடுக்குல 40 மணிக்கூறுக்கு மேல தொங்கலா கெடந்தான். ஹெலிகாப்டரு வந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. பொறவு பட்டாளத்துக்காரன் கயித்துல எறங்கித் தூக்கினான். அவன் அங்க கெடக்கது ஆளுக்குத் தெரிஞ்சதாலதான் இவ்வளவும் நடந்துச்சு, கேட்டியா. அது முடிஞ்சு ஒரு வாரம் ஆகல்ல, அதே மலையில ராத்திரி வெளிச்சம்! இன்னொருத்தன் ஏறியிருக்கான். அவனையும் போயி எறக்கிக் கொண்டாந்தாவ. பாடம் படிக்கப் போனானோ என்னமோ!

குரங்கணியப் பத்தி வெளையாட்டாப் பேச எனக்கு நாக்கு வராது. 2018 மார்ச்சு, காஞ்ச புல்லு, தீ. மலையேறப் போனவங்கள்ல 20 பேருக்கு மேல உசுரு போச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன்.

செரி, போறதா முடிவு பண்ணியாச்சு. அம்மைட்ட என்ன சொன்ன? "கூட்டாளி வீட்டுல படிக்கப் போறேன்"னா? வெளங்கிச்சு. ஆளக் காணல்லன்னா அவ கூட்டாளி வீட்டுலதான தேடுவா? வனத்துறைக்காரன் ஒன்னத் தேடி அங்க கட்டிலுக்கு அடியிலயா குனிஞ்சு பாப்பான்? ஆமா, அந்தக் கூட்டாளி எங்க? அன்னா பஸ் ஸ்டாண்டுல நிக்கானே, மூட்டையோட! அவன் வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தானாம்? ஒனக்க வீட்டுல படிக்கப் போறேன்னுதான?