செத்தும் கெடுக்கும் ஜந்து

கேள்வி: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்காகச் சதுப்பு நில விஷ ஜந்து ஒன்றை உருவாக்குகிறேன். எத்தனை தலை வைக்கலாம்?

பதில்: தலையை அப்புறம் எண்ணலாம், முதலில் விஷத்தைக் கவனியுங்கள். கிரேக்கப் புராணத்தில் லெர்னா சதுப்பில் கிடந்த ஹைட்ராவுக்கு, ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும். அதைவிட அபாரம் அதன் நஞ்சு! ஹைட்ராவைக் கொன்ற ஹெராக்ளிஸ் அந்த நஞ்சில் அம்புகளைத் தோய்த்துக்கொண்டான். பிற்பாடு அதே நஞ்சு, அந்த அம்பு பட்டவனின் ரத்தம் பூசிய அங்கி வழியாக வந்து அவனையே முடித்தது. செத்த பிறகும் வேலை பார்க்கிற வில்லன்! உங்கள் ஜந்துவும் அப்படி இருக்கட்டும். ஆனால் சேற்றில் கொப்பளிக்கும் பச்சைக் குமிழி, வயிறு உப்பி மிதக்கும் தவளைகள் என்று முன்கூட்டியே துப்புக் கொடுத்துவிடுங்கள். ஆட்டக்காரர்களுக்கு அது நியாயம். அதையும் மீறிப் பிணத்தைத் துழாவிப் புதையல் தேடுகிற கில்லாடியிடம், 20 பக்கப் பகடையை மறுபடி நீட்டுங்கள்.