கண்ணைச் சிமிட்டுங்கம்மா

மழலைகளுக்குப் பாடம் சொல்பவர்களுக்கு ஓர் ஆதரவுக் குழு வேண்டும் என்று உலகமெங்கும் கவலைப்படுகிறார்கள். நம் அங்கன்வாடி டீச்சர்களுக்கு அது எப்போதோ கிடைத்தாயிற்று. பொழிச்சலூரில் தலைக்கு மேல் விமானம் போகும் சத்தத்தையும் மீறி போனில் குழுச் செய்தி ‘டிங்’ என்று கேட்கிறதே, அதுதான். “வருகைப் படம் எங்கே?” “எடை ஏற்றவில்லையே?” “பத்து நிமிடத்தில் அனுப்பவும்.” பெற்ற தாய்கூட இத்தனை முறை விசாரிக்க மாட்டாள். பதில் எழுதும் சிரமமும் இல்லை. அட்மின் மட்டுமே பேசலாம்.

1975 அக்டோபர் 2இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது, பாவம், வெறும் நோட்டுப் புத்தகம்தான். 2021இல் போஷன் டிராக்கர் செயலி வந்தது. இப்போது சத்துமாவு வாங்க வரும் தாய் அதற்கு முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அடுத்த தெரு அக்காதான். டீச்சருக்குத் தெரிந்தால் போதுமா, செயலிக்குத் தெரிய வேண்டாமா? சர்வர் சுற்றும் நேரத்தில் சனி பகவானை வேண்டிக்கொள்ளலாம். வட திருநள்ளாறு எனப்படும் கோயில் உள்ளூரிலேயே இருக்கிறது. மற்ற ஊர்களுக்கு இந்த வசதி ஏது?

இத்தனைக்கும் டீச்சருக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலம் மேலே போட்டுத் தருகிறது. அதைச் சம்பளம் என்று கொச்சைப்படுத்தாதீர்கள்.

முன்பருவக் கல்வி என்னாயிற்று என்பவர்கள் நேரில் வரலாம். பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருத்தி சிலேட்டைத் தூக்கிப் பிடிக்கிறாள். மற்றவர்கள் வரிசையில்.

“ஆடாம நில்லு. கண்ணைச் சிமிட்டு. ம்... நெட் இல்ல, நாளைக்கு வா.”