பயணக் கிளி சரக்கா, சிறுவரா? – ஒரு முன்னாய்வு

கோடை விடுமுறைக்குக் கிளியையும் உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கிளியைச் சட்டமும் சமூகமும் எந்த வகையில் சேர்க்கின்றன என்பது பற்றி அறிஞருலகம் சாதித்துவரும் மௌனம் வருந்தத்தக்கது. அக்குறையைக் களைய இக்கட்டுரை முனைகிறது.

முதலில் ஆய்வின் எல்லை. பச்சைக்கிளி இதில் அடங்காது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்; அதைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது, குற்றத்தைத் தண்டோரா போட்டுச் சொல்வதாகும். ஆகவே இங்கே கிளி என்றால் காக்கட்டீல், பட்ஜி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை. பூர்வீகம் அயல்நாடு, பேச்சு தமிழ். இவற்றுள் சாம்பல் கிளிக்குத் தனி அந்தஸ்து உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் அதை முதல் பட்டியலுக்கு உயர்த்த 2016-இல் முடிவானது. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்யவேண்டும். வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் குடும்பங்களில், காகிதம் எல்லாம் ஒழுங்காக உள்ள ஒரே உறுப்பினர் கிளிதான்.

முன்னோர் வழக்கைப் பார்ப்போம். பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூதில் கிளி அழகரிடம் தனியாகப் போகிறது; அனுப்பிய தலைவி வீட்டோடு இருக்கிறாள். கூண்டு, தினைப் பொட்டலம், தண்ணீர்க் கிண்ணம், அடியில் விரிக்கப் பழைய பேப்பர் என்று எதையும் யாரும் சுமப்பதில்லை. இத்தனை சிக்கனமான பயணமுறையைப் பிற்காலத்தார் ஏன் கைவிட்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இத்துறையின் மூல ஆவணம் ஒரு பஸ் டிக்கெட். 2024 மார்ச்சில் பெங்களூரிலிருந்து மைசூருக்குக் கர்நாடக அரசுப் பேருந்தில் ஒரு பாட்டியும் பேத்தியும் நான்கு கிளிகளோடு ஏறினார்கள். சக்தித் திட்டத்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ஆகவே பாட்டிக்கும் பேத்திக்கும் காசில்லை. கிளிகளுக்கோ தலைக்கு 111 ரூபாய் வீதம், சிறுவர் கணக்கில், 444 ரூபாய் டிக்கெட். கிளி சரக்கன்று, சிறுவர் என்பது இதனால் பெறப்படும். ஆனால் கண்டக்டர் ஒன்றை ஆராயாமல் விட்டுவிட்டார். அந்த நான்கில் பெண் கிளி எத்தனை? வளர்ந்த பட்ஜியாக இருந்தால் பாலினம் அறிவது எளிது. அலகுக்கு மேலே மூக்குத் துளையைச் சுற்றியுள்ள சதை நீலமென்றால் ஆண், பழுப்பென்றால் பெண். கூண்டுக்குள் சற்றுக் குனிந்து பார்த்திருந்தால் ஒருவேளை பாட்டிக்குப் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

இந்தத் தீர்ப்பு நம் மலையடிவாரத்தில் புதுச் சிக்கலை உண்டாக்குகிறது. 2024 மே முதல் கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் வேண்டும். எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கிளியையும் சேர்த்துச் சொன்னால் பொய்; விட்டுவிட்டால் பெங்களூர்க் கண்டக்டரை அவமதித்தவர்கள் ஆவோம்.

இருந்தும் கிளி வளர்ப்போர் மலைக்கே போவது ஏன்? குளிர்ச்சி என்பது மேலோட்டமான விடை. உண்மைக் காரணம் சீலிங் ஃபேன். கூண்டுக்கு வெளியே பறக்கும் கிளிக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. கிளி காலாற, இறகாற வெளியே வரவேண்டுமென்றால் ஃபேனை அணைக்கவேண்டும். மே மாதத்து மதுரை லாட்ஜில் அது குடும்பத்தையே வேகவைப்பதற்குச் சமம். கொடைக்கானலில் பல அறைகளில் ஃபேனே இராது.

போகும் வழியில் கவனிக்க வேண்டியவை சில. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்திலிருக்கும் கார் சென்ட்டை அகற்றிவிட வேண்டும். பறவையின் மூச்சுக்கு அது ஆகாது. கொண்டை ஊசி வளைவுகளில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று விரல் அமைந்த காக்கட்டீலோ கம்பை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். கொண்டை மட்டும் விறைத்து நிற்கும், அது திகைப்பு. கொண்டை பின்னால் ஒட்டப் படுத்துவிட்டால் கோபம், அப்போது யாரும் விரலை நீட்டக்கூடாது.

கடைத்தெருவில் வேறோர் இடையூறு. கொடைக்கானலிலிருந்து எல்லாரும் ஆசையாக வாங்கிவரும் சாக்லேட் கிளிக்கு விஷம். பழக்கடையில் குவித்திருக்கும் பட்டர் ஃப்ரூட்டும் விஷம். கிளிக்கென்று வாங்கத்தக்கது கேரட். பச்சை மிளகாயும் தரலாம். பறவைக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. ஏரிக்கரை பஜ்ஜிக் கடையில் கண்ணில் நீர் வடிய நிற்கும் அப்பாவைக் கிளி ஏளனமாகப் பார்ப்பதன் உடலியல் அடிப்படை இதுவே.

இனி ஆய்வின் கடினமான பகுதி: உறவினர் வீடு. 2020-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவில் ஐந்து சாம்பல் கிளிகள் கெட்ட வார்த்தையில் திட்டின. பார்வையாளர்கள் சிரிக்கச் சிரிக்க மேலும் திட்டின. கடைசியில் அவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். அங்கே திட்டு வாங்கியவர்கள் அந்நியர்கள், சிரித்துவிட்டுப் போனார்கள். நம்மூரில் அந்த வசதி இல்லை. கருத்தாய்ச் சொல்லிக்கொடுக்கும் திருக்குறளைச் சாம்பல் கிளி ஏறிட்டும் பார்க்காது. சமையலறையில் எரிச்சலோடு முணுமுணுத்ததை ஒரே வாரத்தில் பாடமாக்கிவிடும். மலைக்குப் போகும் வழியில் ஒரு குடும்பம் வத்தலக்குண்டில் பெரியம்மா வீட்டில் இறங்கியது. காபி டம்ளர் கைக்கு வந்த நேரத்தில் கூண்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"வந்துட்டாங்களா? எப்பக் கெளம்புறாங்களாம்?"

"யாரு குரல்டி அது?" என்றார் பெரியம்மா. "அது டிவில கேட்டது அக்கா," என்றார் அம்மா. கிளி உடனே குக்கர் விசில் அடித்துவிட்டு, பெரியம்மாவின் பெயரையும் சேர்த்து மறுபடி சொன்னது.

கர்நாடகக் கோட்பாடு இங்கே செல்லுபடியாகாது. கிளி சிறுவரும் அல்ல, சரக்கும் அல்ல, அப்ரூவர்.

அப்படியானால் கிளியை ஊரிலேயே, பக்கத்து வீட்டில் விட்டுச் செல்லலாமே என்பது எதிர்த்தரப்பு. அதையும் அந்தக் குடும்பம் அடுத்த கோடையில் சோதித்துப் பார்த்தது. திரும்பி வந்தபோது கிளி கொழுத்திருந்தது; புதிதாகப் பக்கத்து வீட்டு மாமாவின் குரலும் கைவந்திருந்தது. சீட்டுப் பணம் எங்கே போனது என்று மாமாவும் மாமியும் நடத்திய வாக்குவாதத்தை, இரண்டு குரலிலும், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கோடைக்குப் பெட்டி கட்டும்போது மாமி தானே வந்து நின்றார்.

"கிளியையும் கூட்டிட்டுப் போயிடுங்க. பெட்ரோலுக்கு வேணும்னா நான் பாதி தரேன்."