கமலா என்ற பெயரில் நான்

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த சின்ன லேபில் பதினோரு வருடம் பூஞ்சை வளர்த்தேன். சம்பளத்துக்குத்தான். கீழே மல்லிகையை முழம் போட்டு விற்பார்கள். மேலே நான் படர்தாமரைக்காரர்களின் தோல் செதிலை வளர்த்து, எந்த மருந்துக்கு அது மடிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சேலத்திலிருந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இப்படியொரு பிழைப்பு வாய்க்கும் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை.

வேலை என்னவோ சுலபமானதுதான், செய்யத் தெரிந்தவர்களுக்கு. 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. இடமிருந்து வலமாகப் பத்துக் குழிகளில் மருந்து பாதி பாதியாகக் குறையும்: 16 மைக்ரோகிராம், 8, 4, 2 என்று இறங்கி 0.03 வரை. பதினோராவது குழியில் மருந்தே இல்லாமல் பூஞ்சை மட்டும். பன்னிரண்டாவதில் வெறும் திரவம். 35 டிகிரியில் நான்கு நாள் வைத்துவிட்டு, மருந்தில்லாத குழியோடு ஒப்பிட்டு, வளர்ச்சி எண்பது சதவீதம் அடங்கிய குழிகளில் மருந்து எதில் மிகக் குறைவோ அந்த எண்ணை எழுத வேண்டும். எண்பதா எழுபதா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் அரைக் கிலோ கத்தரிக்காயையே கண்ணால் கணிக்கத் தெரியாதவள் நான்.

முதல் வருடமே ஒரு கண்டுபிடிப்பு செய்தேன். மருந்து கூடக் கூடப் பூஞ்சை செழித்தது. குறைந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து பூஞ்சைக்கு உரம் என்ற முடிவுக்கே வந்து, மூச்சிரைக்க லேபை நடத்திய மேடத்திடம் ஓடினேன். மேடம் தட்டை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் தலைகீழாகத் திருப்பி என் கையிலேயே வைத்தார். தட்டின் மூலையை வெட்டி வைத்திருப்பது அழகுக்கு இல்லை, திசை தெரிவதற்கு.

இரண்டாவது கண்டுபிடிப்பு இதைவிடப் பெரியது. ஒரே ராத்திரியில் எல்லாக் குழிகளும் பஞ்சு அடைத்தாற்போல் நிரம்பியிருந்தன. எந்த மருந்துக்கும் அசையாத புதுப் பூஞ்சை! மனசுக்குள் அதற்கு என் பெயரைக்கூட வைத்துவிட்டேன். படர்தாமரைப் பூஞ்சை சோம்பேறி. ஒரே ராத்திரியில் இப்படித் துள்ளி எழுவது ரைசோபஸ் மாதிரி காற்றில் திரியும் பூஞ்சைதான். முதல் நாள் மதியம் பூஞ்சைக் கரைசல் தயாரிக்கும் மேஜையிலேயே நஞ்சனகூடு ரசபாளை வாழைப்பழத்தை உரித்துத் தின்றது யார் என்று மேடம் கேட்டார். தோல் குப்பைக்கூடையில் கிடந்தது. பதில் சொல்லத் தேவைப்படவில்லை.

நான் சொதப்பும்போதெல்லாம் மேடம் மண்டயம் ஜீர்சன்னிதி திருமலாச்சாரை இழுப்பார். பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். அந்த ஊர் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை அவர் குழு 1961-ல் கொண்டுவந்தது. மண்டயத்தார் மேல்கோட்டை, மைசூர் பக்கத்தில் தலைமுறைகளாக வீட்டில் தமிழ் பேசுகிற வைணவர்கள். "நிம்ம தமிளவரே அல்வா?" என்பார் மேடம், உங்கள் தமிழர்தானே என்று. திருமலாச்சார் மண்ணிலிருந்து மருந்து எடுத்தார், நான் பழத்தோலிலிருந்து பூஞ்சை எடுத்தேன்.

இதெல்லாம் சில்லறை. இனி சொல்லப்போவதை என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ஒரு ஆடி மழையில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் எனக்கே வட்டமாக அரிப்பு வந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, தினமும் பார்க்கிற முகம்தானே. சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் பூஞ்சை லேபுக்காரிக்குப் படர்தாமரை என்றால் சந்து முழுக்கச் சிரிக்கும். வேறு தெருவுக்குப் போய் ஒரு மருந்துக்கடையில், "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்றேன். 2018-லேயே மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. தெரிந்திருந்தும் கேட்டு வாங்கியவள் நான்தான். ட்யூபின் பின்பக்கத்தைப் படிக்கவும் இல்லை. ராத்திரி பகலாகத் தட்டுகளில் பொடி எழுத்து எழுதுகிறவளுக்கு அன்றைக்கு மட்டும் கண்ணாடி வீட்டில் இருந்தது.

இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. அதுதான் அந்த க்ரீமின் தந்திரம். அதில் இருந்த குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். பூஞ்சையை எதிர்க்கும் தோலின் காவலையும் சேர்த்தே அடக்கிவிடும். ஒரு மாதத்தில் வட்டம் தொடைக்கு இறங்கி, இடுப்பைச் சுற்றி, வீட்டுக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் என்னைத்தான் கேட்டார், "நீ இந்த லைன்ல இருக்கியே, என்னன்னு பாரேன்?" வேர்க்குரு என்றேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் போன பிறகு என் தோலை நானே சுரண்டி, "கமலா, வயது 52" என்று சீட்டு எழுதி ஒட்டினேன். அதிலும் நாலு வயது ஏற்றிவைத்தேன், யாரும் சந்தேகப்படக்கூடாதே என்று. இரண்டு வாரத்தில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் வளர்ந்தது. தட்டு போட்டேன். இந்த முறை திசை சரி, பழமும் இல்லை. டெர்பினாஃபின் வரிசையில் 16 வரைக்கும் பூஞ்சை. இன்னொரு மருந்தான இட்ராகோனசோல் வரிசையில் சீக்கிரமே தெளிந்துவிட்டது.

இந்தியா முழுக்கச் சில வருடங்களாகத் தோல் மருத்துவர்களைத் திணறடிக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்தப் பெயரை 2020-ல் ஜப்பான்காரர்கள் வைத்தார்கள், பெயருக்குள் நம் நாடும் இருக்கிறது. டெர்பினாஃபின் போய் ஒட்ட வேண்டிய நொதியில் ஒரு சின்ன மாற்றம். அவ்வளவுதான், பூட்டு மாறிவிட்டது, சாவி சுற்றவில்லை. இந்த இனத்துக்கு இத்தனைக்கு மேல் போனால் மருந்து கேட்காது என்று வரையறுத்த எல்லைக்கோடு கிடையாது. லேப் எண்ணை மட்டும் எழுதும், மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்வார். நானோ ஆவேசத்தில் சிவப்புப் பேனாவில் "கேட்காது" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்தார். சிவப்பு எழுத்தை அடித்தார். பிறகு, "கமலாகே ஹேளம்மா, டாக்டரன்ன நோடலி" என்றார். டாக்டரைப் பார்க்கச் சொல் என்று. சொல்லும்போது என் இடுப்பைத்தான் பார்த்தார்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் இட்ராகோனசோல் எட்டு வாரம் ஓடியது. துண்டுகள் தனித்தனிக் கொடிக்குப் போயின. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு ட்யூப் இருந்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் சொந்தப் பெயரிலேயே காட்டுங்கள்.